ஸ்போர்ட்ஸ் கார் டயருக்குக் காற்று: பங்க், சொந்தக் கேஜ், சென்சார், நைட்ரஜன் - எதை நம்பலாம்?

போர்ஷே 911-ல் 997 தலைமுறை கரேரா எஸ் மாடலை எடுத்துக்கொள்வோம். 19 அங்குலச் சக்கரத்துக்குக் கம்பெனி சொல்லும் காற்றழுத்தம் முன்னால் 33 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு), பின்னால் 39. எஞ்சின் பின் அச்சையும் தாண்டி உட்கார்ந்திருப்பதால் எடையில் பெரும்பங்கு பின் டயர்கள் மேல்தான். அதற்காகத்தான் இந்த 6 பிஎஸ்ஐ வித்தியாசம். மாஸ்டா எம்எக்ஸ்-5 அப்படியல்ல. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி என்பதால் இப்போதைய மாடலில் நான்குக்கும் 29 தான்.

இந்த இரண்டு காரையும் ஒரே பங்கில் நிறுத்தி, "நாலுக்கும் 35 வைங்கண்ணே" என்று சொன்னால் என்ன ஆகும்? எம்எக்ஸ்-5 மேடு பள்ளத்தில் துள்ள ஆரம்பிக்கும், டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். 911-ல் முன்னால் 2 கூடி, பின்னால் 4 குறைந்து, இருக்கவேண்டிய வித்தியாசமே காணாமல் போகும். வேகமாக வளைக்கும்போது முதலில் பின்பக்கம்தான் பிடியை விடும். சாதாரணக் காரில் இது பெரிதாகத் தெரியாது. பக்கச்சுவர் நான்கு விரல்கடை உயரத்தைக் கொஞ்சம் தாண்டும் டயரில் 2 பிஎஸ்ஐ மாறினாலே ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். சரி, அளப்பதற்கு எதை நம்புவது?

பங்க் மெஷினில் எண்ணை வைத்துவிட்டால் அதுவே நிரப்பிவிட்டுச் சத்தம் கொடுக்கும். காசும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அந்த மெஷினைக் கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், பங்குக்குக் காரை ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும். கம்பெனி சொல்லும் அளவெல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்கவேண்டியது. அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். சூடான டயரில் 39 பார்த்துத் திருப்தியாக வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை அது 36 ஆக நிற்கும்.

பங்க்தான் வழி என்றால் ஒன்று செய்யலாம். வீட்டில் குளிர்ந்த டயரை அளந்து எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் டயர் 36 காட்டினால் குறை 3. பங்கில் அதே டயர் 40 காட்டினால், 43 வரை நிரப்பச் சொல்லுங்கள். பங்க் மெஷின் மொத்தத்தில் தப்பாகக் காட்டினாலும் அந்த 3 ஏறக்குறைய சரியாக ஏறிவிடும்.

இதற்கும் அழுத்தத்தை அளக்கும் சொந்தக் கேஜ் வேண்டும். இதில்தான் நான் மனதாரப் பரிந்துரைக்க நிறைய இருக்கிறது. பென்சில் கேஜ் மலிவு, பையில் கிடக்கும். ஆனால் வெளியே தள்ளி வரும் அந்த வெள்ளைக் குச்சியில் கோடுகள் நெருக்கம். வால்வில் கொஞ்சம் சாய்த்து வைத்தாலே வேறு எண் வரும். டிஜிட்டல் கேஜ் இருட்டிலும் படிக்க வசதி, ஆனால் தசம எண் காட்டுவதாலேயே அது துல்லியம் ஆகிவிடாது. எப்போதோ ஒருமுறை எடுக்கும் ஆளுக்கு பேட்டரியும் தீர்ந்திருக்கும்.

என் தேர்வு, ரப்பர் குழாயும் காற்றை வெளியேற்றும் பட்டனும் உள்ள டயல் கேஜ். உள்ளே வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளை நகர்த்துகிறது. இப்படிப்பட்ட கேஜ் அளவுகோலின் நடுப்பகுதியில்தான் நன்றாகக் காட்டும் என்பதால், 100 அல்லது 150 பிஎஸ்ஐ வரை போவதை வாங்காதீர்கள், 60 போதும். வாயை வால்வில் நேராக அழுத்தினால் 'புஸ்' என்ற சத்தம் சட்டென்று நின்று முள் நிலைக்கும். 1 பிஎஸ்ஐ கூடுதலா? பட்டனை லேசாகத் தட்டித் தட்டிக் குறைத்துவிடலாம். கீழே மட்டும் போட்டுவிடக் கூடாது, முள் இடம் மாறிவிடும். கேஜ் அரை பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினால்கூடப் பரவாயில்லை, ஏனென்றால் நான்கு டயரிலும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும். முன்பின் வித்தியாசம் கெடாது.

"காற்று குறைந்தால் சொல்ல காரிலேயே சென்சார் இருக்கிறதே" என்பவர்களுக்கு: 1986-ல் போர்ஷே 959-ல் வந்த வசதி இது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரியவேண்டும் என்பதுதான். 39-க்கு அது சுமார் 29. அதுவரை காத்திருந்தால் டயரின் ஓரங்கள் தேய்ந்து தீர்ந்துவிடும். சக்கரத்துக்குள்ளேயே சென்சார் வைத்து எண்ணைக் காட்டும் வகை எவ்வளவோ மேல். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போடும் வகைக்கு, நான்கும் ஒன்றாக மெல்ல இறங்கினால் கண்டுபிடிப்பது சிரமம். நெடுஞ்சாலையில் ஆணி ஏறும்போது சென்சார் உயிரைக் காக்கும். அதற்காக அது கண்டிப்பாக வேண்டும். மாதாமாதம் காற்றுச் சரிபார்க்கும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

நைட்ரஜன்? நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை ஓராண்டு வைத்துப் பார்த்த சோதனையில், 30 பிஎஸ்ஐ-யில் ஆரம்பித்த டயர்கள் சராசரியாக நைட்ரஜனில் 2.2, காற்றில் 3.5 இழந்தன. ஆண்டுக்கு 1.3 தான் லாபம். மாதம் ஒருமுறை அளப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை. ஓசியில் கிடைத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

நிரப்புவதற்கு 12 வோல்ட் கம்ப்ரெசர் ஒன்று வாங்கி வைத்தால் பங்குக்குப் போகவே வேண்டாம். அதன் மீட்டரை நம்பாமல் 2 பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றிவிட்டு, டயல் கேஜை வைத்து இறக்குங்கள். வெயில் ஒரு பக்க டயர்களில் விழும் முன், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சில சுற்றுகளிலேயே அழுத்தம் மளமளவென்று ஏறும், பிட்டில் (டிராக் ஓரம் கார்களை நிறுத்திக் கவனிக்கும் இடம்) நிறுத்திச் சூட்டிலேயே காற்றை இறக்குவார்கள். அங்கே பட்டன் வைத்த கேஜ்தான் கைகொடுக்கும். ஆனால் இறக்கிய காற்றை வீடு திரும்பும் முன் திரும்ப அடித்தாக வேண்டும். கம்ப்ரெசரை டிராக்குக்கும் எடுத்துப் போங்கள்.