தென்காசியிலிருந்து நியூஜெர்சி அலுவலகத்துக்கு

இந்த முறை ஊருக்குப் போனபோது தென்காசியில் அக்கா வீட்டில் இருந்தபடியே நியூஜெர்சி அலுவலக வேலையையும் பார்த்தேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, வேகத்திலும் குறையில்லை. ஆனால் மின்சாரம் போன நொடியில் ரௌட்டர் அணைந்துவிடுகிறது. மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்துவது முன்கூட்டியே தெரியும். சாரல் காற்றடிக்கும் மாலையில் போவது யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டும்தான் இணைப்பு இருக்கிறது. கைபேசிக் கோபுரமோ பேட்டரியிலும் டீசலிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் என் மடிக்கணினிக்குக் கைகொடுத்தது கைபேசிதான்.

முதலில் சிம் கார்டு. ஆதார் வைத்திருப்பவருக்குத் தெருமுனைக் கடையிலேயே சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. என்னைப் போல் அமெரிக்கக் கடவுச்சீட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவரிடம், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவரின் எண்ணையும் கேட்கிறார்கள். சரிபார்க்கும் ஓடிபி அவருக்குத்தான் போகிறது. சிறிய கடைகளில் இந்த நடைமுறையே தெரிவதில்லை. நான் முதலில் போன கடையில் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆதார் இருந்தால் கொண்டு வாருங்கள் சார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்த ஷோரூமில்தான் வேலை நடந்தது.

“எதற்கு இந்த அலைச்சல் மாப்பிள்ளை? என் பெயரில் ஒன்று வாங்கித் தருகிறேன்” என்றார் அத்தான். அன்பாகத்தான் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அந்த எண்ணிலிருந்து எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவர்தான். கைபேசி தொலைந்துபோனால் மாற்று சிம் வாங்கவும் அவரேதான் போய் நிற்க வேண்டும். ஊருக்கு வருகிறவர்களில் பலர் இதை யோசிக்காமல் உறவினர் பெயரில் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் அலைந்தாலும் சொந்தப் பெயரில் வாங்குவதே நல்லது.

அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் இ-சிம்மை வெளிநாட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 14 தொடங்கி, சிம் செருகும் இடமே கிடையாது என்பதால் இ-சிம் அவசியம்தான். ஆனால் பயணிகளுக்கென்று இணையத்தில் விற்கும் இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமே. இந்திய எண் வராது. எண் இல்லாவிட்டால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லாவிட்டால் 6,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் தரும் இலவச வைஃபையில்கூட நுழைய முடியாது. இன்று ஊரில் இணையம் தாராளமாகக் கிடைக்கிறது. கையில் ஒரு பத்து இலக்க எண் இல்லாதவருக்குத்தான் கதவுகள் திறப்பதில்லை.

நாளுக்கு 2 ஜிபி, 28 நாள், ஏறக்குறைய 350 ரூபாய் என்ற திட்டத்தைப் போட்டுக்கொண்டேன். 5ஜி கிடைக்கும் இடத்தில் இந்த அளவு கணக்கில்லை. கிடைக்காத இடத்தில் அந்த 2 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப் செய்தி போகும், அலுவலக வேலை நகராது. இதில் இரவு வேலை பார்ப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. கோடைகாலத்தில் நியூஜெர்சியின் காலை 9 மணி நமக்கு மாலை 6.30. நள்ளிரவு 12 மணிக்குப் புதிய அளவு வந்துவிடுவதால், ஒரே வேலை நேரத்துக்கு இரண்டு நாள் அளவு கிடைக்கிறது. வீடியோ கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி தின்கிறது. அதனால் நீண்ட கூட்டங்களில் கேமராவை அணைத்தே வைத்தேன். விண்டோஸில் கைபேசி இணைப்பை ‘மீட்டர்டு’, அதாவது அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் புதுப்பிப்பும் புகைப்படச் சேமிப்பும் நாம் வேலையைத் தொடங்கும் முன்பே பாதியை விழுங்கிவிடும்.

அக்கா வீடு பழைய வீடு, கனத்த சுவர். 5ஜி பெரும்பாலும் வரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை அத்தகைய சுவரைத் துளைத்து வருவதில்லை. உள்ளறையில் ஒரே கோடாக இருந்த சிக்னல், கைபேசியைத் தெருப்பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்ததும் முழுமையாக வந்தது. அங்கேயே சார்ஜரில் போட்டுவிட்டு, ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று இருப்பது இதுதான். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் சுவர் தாண்டி உள்ளறை மேசைவரை வரும். பக்கத்திலேயே உட்கார முடிந்தபோது யுஎஸ்பி கேபிளில் இணைத்தேன். அப்படிச் செய்தால் கைபேசி மடிக்கணினியிலிருந்தே சார்ஜும் ஏற்றிக்கொள்கிறது.

அமெரிக்க எண்ணையும் அதே கைபேசியில் வைத்திருந்தேன், ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு. அங்குள்ள வங்கி அனுப்பும் ஓடிபி தவறாமல் வந்தது. வைஃபை காலிங் வழியாக, அதாவது இணையம் வழியே அழைக்கும் வசதியில், அலுவலகத்தோடு பேசியதற்கு ரோமிங் கட்டணம் இல்லை. அதே எண்ணிலிருந்து தென்காசிக்குள் யாரையாவது கூப்பிட்டால் மட்டும் வெளிநாட்டு அழைப்பாகக் கணக்கு வைப்பார்கள். எந்த எண்ணிலிருந்து கூப்பிடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் வேலை பார்க்க நினைக்காதீர்கள். ஊர்களை ஒட்டிப் போகும்போது நன்றாக இருக்கும் இணைப்பு, வெட்டவெளியில் வந்துவந்து போகிறது. மின்னஞ்சலுக்குத் தாங்கும், கூட்டத்துக்குத் தாங்காது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையிலும் அப்படித்தான்.

புது எண்ணில் ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. முன்பு அதை வைத்திருந்தவர் வாங்கிய கடனுக்காக ஒரு நிதி நிறுவனத்திலிருந்து ஓயாமல் அழைத்தார்கள். எண் கைமாறிவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த நாள் வேறொருவர் அதையே கேட்கிறார். நாம் விட்டுப்போகும் எண்ணும் இப்படித்தான் இன்னொருவர் கைக்குப் போகும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டு, கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாவிட்டால் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். வங்கிக் கணக்கை அதோடு இணைத்திருந்தால் ஓடிபியும் கூடவே போய்விடும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பு என் எண்ணுக்குக் கொஞ்சம் பணம் ஏற்றிவைத்தேன். தொடர்ந்து ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறேன்.