திருமலைத் துறைமுகம்: குத்தகையா, கூட்டா, சொந்தக் கையா?

திருகோணமலையின் சீனக்குடாவுக்கு மேலே காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களில் (சேமிப்புத் தொட்டிகளில்) ஒன்றை ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். சுற்றிலும் கொங்கிரீட் அணைச்சுவர். அதன் வெடிப்பில் வேர் விட்ட ஆலங்கன்று. உள்ளே பிரித்தானியர் காலத்து இரும்புத் தகடு. விரலை மடக்கித் தட்டினேன். துரு மேலோட்டமாகத்தான் இருந்தது; தகடு கனத்த ஓசை கொடுத்தது. இப்படி 99 குதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இவற்றுக்குத் துணையாக நின்ற ஒரு குதம் எரிந்து போனது. மற்றவை போரையும் சுதந்திரத்தையும் பார்த்துவிட்டன. பாதிக்கு மேல் இன்னும் வெறுமையாகவே நிற்கின்றன.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கேள்வி உடனே "இந்தியாவா, சீனாவா, அமெரிக்காவா?" என்று போய்விடுகிறது. எந்தக் கொடி என்பதை விட எந்த ஒப்பந்தம் என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். யாருக்கு எத்தனை வீதப் பங்கு, எத்தனை ஆண்டு, வேலை நடக்காவிட்டால் சொத்து திரும்பி வருமா, யாருடைய காணி போகிறது? இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் இலங்கை அண்மைக் காலத்தில் கையாண்ட மூன்று வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அம்பாந்தோட்டை: 99 ஆண்டுக் குத்தகை

சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் கட்டப்பட்டு 2010இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. முதற் கட்டத்துக்கு மட்டும் 30.7 கோடி டொலர் கடன் வாங்கப்பட்டது. கப்பல்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2017இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது; கிடைத்த தொகை 112 கோடி டொலர். துறைமுகத்தைக் கொடுத்ததால் அந்தக் கடன் கழிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. வந்த பணம் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பைத் தூக்கி நிறுத்தப் பயன்பட்டது. சீன வங்கிக்கான கடன் அரசின் தலையிலேயே தொடர்ந்தது.

இந்த வழியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பணம் உடனே கையில் வந்தது. நடத்துபவருக்குத் தொழில் தெரியும். ஆனால் 99 ஆண்டு என்பது மூன்று தலைமுறைக் காலம். 2017 ஜனவரியில் தொழில் வலயத்துக்காகக் காணி எடுக்கப்படப் போகிறது என்று அம்பாந்தோட்டை மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். காணி பறிபோகும் அச்சத்துக்கு மொழி வேறுபாடு கிடையாது.

பிறகு 2022 ஆகஸ்ட்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்தது. இந்தியா கவலை தெரிவித்தது. கொழும்பு முதலில் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லி, பின்னர் அனுமதித்தது. அதே ஆண்டின் பொருளாதார நெருக்கடியில்தான் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்கு உதவி செய்து, எரிபொருளும் மருந்தும் அரிசியும் வரவழி செய்திருந்தது. ஒரு துறைமுகத்தை இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே கையில் கொடுத்தால், அயலவரோடு பேசும்போது நம் நாக்கு எப்படிக் கட்டுண்டு போகும் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

கொழும்பு கிழக்கு முனையம்: சொந்தக் கை

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். 2019இல் இந்தியாவுடனும் ஜப்பானுடனும் சேர்ந்து கிழக்குக் கொள்கலன் முனையத்தை நடத்த உடன்பட்டார்கள். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2021 பெப்ரவரியில் அரசு பின்வாங்கி, துறைமுக அதிகார சபையே முழுமையாக நடத்தும் என்றது. இந்தியாவின் அதானி குழுமம் அடுத்து வந்த மேற்கு முனையத்துக்குப் போனது. கொழும்பில் இது சாத்தியம். அங்கே கப்பல் போக்குவரத்தும் வருமானமும் ஏற்கெனவே இருக்கின்றன. திருகோணமலையில் கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் இறங்குகின்றன. அதற்கு மேல் பெரிய வருமானம் எதுவுமில்லை. 99 குதங்களையும் சொந்தப் பணத்தில் புதுப்பிக்க 2022க்குப் பிந்திய இலங்கையிடம் பணம் எங்கே இருக்கிறது? மனதுக்கு இந்த வழி பிடிக்கிறது. கையிருப்பு இடம் கொடுக்கவில்லை.

சீனக்குடா: 51க்கு 49

எங்கள் ஊருக்கு வருகிறேன். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்க அரசு பேசியே அதைச் சாதித்தது. ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்கவில்லை. 1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை முன்னின்று கேட்டதற்கும் அந்த நாளின் தன்னம்பிக்கைதான் அடித்தளம்.

1980களில் குதங்களை வேறு நாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது புதுடில்லி விழித்துக்கொண்டது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இரண்டு விடயங்கள் எழுதப்பட்டன: திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படாது, குதங்களைப் புதுப்பித்து நடத்துவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும்.

அந்தக் கூட்டு முயற்சி வடிவம் பெற எத்தனை காலம் எடுத்தது என்று பாருங்கள். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி வந்தது. கீழ்ப்பகுதிக் குதங்களை மட்டும் பயன்படுத்தியது. 2022 ஜனவரியில்தான் முழுக் கணக்கும் பிரிக்கப்பட்டது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த புதிய நிறுவனத்துக்கு 61. அந்த நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. குத்தகை 50 ஆண்டு.

தாளில் பார்த்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது என்பது என் தீர்ப்பு. பெரும்பான்மைப் பங்கு நம்மிடம். காலம் அம்பாந்தோட்டையில் பாதி. அதற்கு மேல் 24 குதங்கள் முழுமையாக நம் கையில். ஆனால் 1987இலிருந்து 2022 வரை 35 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அவ்வளவு காலமும் ஆலங்கன்றுதான் வளர்ந்தது. கூட்டு முயற்சியின் பெரிய ஆபத்து இதுதான்: பயன்படுத்தவும் மாட்டார்கள், பிறர் பயன்படுத்த விடவும் மாட்டார்கள். குறித்த ஆண்டுக்குள் புதுப்பிக்கப்படாத குதம் தானாகவே கூட்டுத்தாபனத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், 51 வீதம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

சம்பூரின் கணக்கு

ஒரே நாட்டோடு, ஒரே ஊரில், இரண்டு திட்டங்களை ஒப்பிடும் வாய்ப்பும் எங்களுக்குக் கிடைத்தது.

என் பெரியம்மா சம்பூர்க்காரர். 2006 ஏப்ரலில் ஷெல் விழுந்தபோது கட்டிய துணியோடு புறப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தார். ஊர் வெறுமையாகக் கிடந்த அந்தக் காலத்தில்தான் அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட இந்தியாவின் என்டிபிசி நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது. இன்னொரு பக்கம் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2015இல் அந்த ஒதுக்கீடு இரத்தாகி மக்கள் திரும்பினார்கள். பெரியம்மாவின் வீட்டில் அத்திவாரம் மட்டும் இருந்தது. கிணறு பற்றைக்குள் மறைந்திருந்தது.

அனல்மின் நிலையத்தை எதிர்த்தவர்கள் இந்தியாவை வெறுத்தவர்கள் அல்லர். நிலக்கரித் தூசும், கொட்டியாரக் குடாவில் கலக்கப்போகும் சுடுநீரும் அவர்களை வாட்டின. "தம்பி, யாருக்குக் கொடுத்தாலும் எங்கள் வள்ளத்துக்கு மீன் மிஞ்சுமா?" என்று மூதூர்க் கரையில் ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். 2016 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்னது.

அதே நிறுவனம், அதே கூட்டு, சம்பூரிலேயே இப்போது 120 மெகாவாட் சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் சேர்ந்து தொடக்கி வைத்தார்கள். மெகாவாட்டில் குறைவு, இரவில் மின் வராது. இந்தக் குறைகளை மறைக்கக் கூடாது. ஆனாலும் புகை இல்லை, குடாவுக்குச் சுடுநீர் இல்லை. எனக்கு இரண்டாவது திட்டமே உயர்ந்தது. முதல் திட்டம் நின்றதால் உறவு முறிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள், முறியவில்லை. 'இது வேண்டாம், வேறொன்று கொண்டு வாருங்கள்' என்று அயலவரிடம் சொல்ல முடியும் என்பதற்கு சம்பூரே சாட்சி.

இருந்தாலும் சூரியத் தகடுக்கும் நிலம் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். அதே 2025இல் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்துப் போராடினார்கள். பசுமைத் திட்டம் என்ற பெயர் அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை.

2025 ஏப்ரலில் இன்னொரு கையெழுத்தும் விழுந்தது. இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை அது. குழாய்ப்பாதையும் குதங்களும் அதில் வருகின்றன. மூன்று கைகள் இருப்பது நல்லது. ஒரே கையைவிட நமக்குப் பேசும் இடம் கூடும். அடுத்து வரும் விரிவான ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் மாவட்டச் செயலகத்தில் வைக்கப்பட வேண்டும், எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் என்ற வரைபடத்தோடு. பெரியம்மா தன் காணி உறுதியைப் பொலித்தீன் உறையில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். முகாமிலும் அப்படித்தான் வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய், அதிலுள்ள எல்லைகளையும் அந்த வரைபடத்திலுள்ள எல்லைகளையும் அவர் தன் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.