ஸாபிக்ஸ் 7.0: ஹோஸ்ட் அமைப்பு அருமை, குரூப்பிடம் மட்டும் கவனம் தேவை

நெட்வொர்க் கண்காணிப்புக்கு மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் டாஷ்போர்டைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் கணினி அல்லது கருவி) சேர்க்கும் படிவத்தையும் ஹோஸ்ட் குரூப்பையும் (அவற்றின் தொகுப்பு) பார்த்து முடிவெடுப்பதுதான் சரி. அட்மினின் கை தினமும் படும் இடம் அதுதான். ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் 7.0, 2024 ஜூனில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதன் இந்த இரண்டு பகுதிகளை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

ஸாபிக்ஸில் குரூப் என்பது யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை டெம்ப்ளேட் (சோதனைகளின் தொகுப்பு) சொல்லும், எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்பதை மேக்ரோ (பெயரிட்டு வைக்கும் மதிப்பு) சொல்லும். நாகியோஸ் என்ற மற்றொரு கண்காணிப்பு மென்பொருளில் ஒரு சர்வீஸை, அதாவது ஒரு சோதனையை, ஹோஸ்ட் குரூப்புக்கே கொடுத்துவிடலாம், அதே வகையான பி.ஆர்.டி.ஜி.யில் குரூப்பில் போட்ட கடவுச்சொல்லும் சோதனை இடைவெளியும் கீழே உள்ள கருவிகளுக்குத் தானாக இறங்கும். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் குரூப்பைத் திறந்து அமைப்புகளைத் தேடுவார்கள். அங்கே பெயரைத் தவிர நிரப்புவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் ஹோஸ்ட். டேட்டா கலெக்‌ஷன், ஹோஸ்ட்ஸ், கிரியேட் ஹோஸ்ட் என்று போனால் படிவம் வரும். ஹோஸ்ட் நேமில் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு மட்டுமே ஏற்கும். விசிபிள் நேமில் தமிழிலேயே எழுதலாம். இரவுப் பணியில் இருப்பவருக்கு ‘இரண்டாம் மாடி ஸ்விட்ச்’ என்று திரையில் வருவது எவ்வளவோ மேல். ஒரு குரூப்பிலாவது சேர்க்காமல் ஹோஸ்டைச் சேமிக்க முடியாது.

ஏஜென்ட் (கணினியில் இருந்து தகவல் திரட்டும் சிறு நிரல்) ஆக்டிவ் முறையில், அதாவது தானே சர்வரைத் தொடர்புகொள்ளும்படி, ஓடும் கணினிகளில் அடிக்கடி வரும் கோளாறு ஹோஸ்ட் நேமில்தான் தொடங்குகிறது. ஏஜென்ட்டின் கான்ஃபிக் கோப்பில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட ஒத்துப்போக வேண்டும். மாதிரிக் கோப்பில் அந்த இடத்தில் ‘ஸாபிக்ஸ் சர்வர்’ என்றே ஆங்கிலத்தில் இருக்கும். மாற்றாமல் விட்டால் எல்லாக் கணினிகளும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். டேட்டா வரவில்லை என்றால் முதலில் ஏஜென்ட் லாகைப் பாருங்கள். ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தால் கோளாறு பெயரில்தான், ஃபயர்வாலை நோண்ட வேண்டாம். சர்வர் ஏஜென்ட்டைக் கேட்கும் பாசிவ் சோதனைக்கு ஏஜென்ட் பக்கம் 10050 போர்ட், ஆக்டிவுக்கு சர்வர் பக்கம் 10051 திறந்திருக்க வேண்டும்.

ஸ்விட்ச், ரவுட்டருக்கு எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளிடம் நிலையைக் கேட்கும் நெறிமுறை) இன்டர்ஃபேஸ் மட்டும் போதும், போர்ட் 161. வெர்ஷன், கம்யூனிட்டி (கடவுச்சொல் போன்றது) எல்லாம் 5.0 முதல் இன்டர்ஃபேஸிலேயே இருக்கின்றன. முன்பு ஒவ்வொரு ஐட்டத்திலும் (ஒவ்வொரு அளவீட்டிலும்) இருந்தவை இவை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே பழைய பதிப்பிலிருந்து மாறலாம். கம்யூனிட்டியை நேரடியாகத் தட்டாமல் மேக்ரோவாக வைத்து, அதன் வகையை ‘சீக்ரெட் டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். பழைய ஸ்விட்ச்சில் பாதி ஐட்டம் வந்து, மீதி பதில் வராமல் நேரம் கடந்துபோனால், கம்பைண்ட் ரிக்வெஸ்ட் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். ஒரே பாக்கெட்டில் பல கேள்விகள் வந்தால் சில கருவிகள் திணறும்.

இனி, குரூப் வாரியாக எச்சரிக்கை அளவை மாற்ற வேண்டுமானால்? லினக்ஸ் டெம்ப்ளேட்டில் டிஸ்க் 80 சதவீதத்தில் எச்சரிக்கை, 90இல் அபாயம். பேக்கப் சர்வர்களுக்கு மட்டும் 95 வேண்டும் என்றால் குரூப்பில் மேக்ரோ வைக்க வழியில்லை. இது உண்மையான குறை. பலரும் மேக்ரோ மட்டும் உள்ள வெற்று டெம்ப்ளேட் ஒன்றை உருவாக்கி, லினக்ஸ் டெம்ப்ளேட்டோடு பக்கத்தில் இணைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 95 வேலை செய்யாது. ஒரே மட்டத்தில் இரண்டு டெம்ப்ளேட்டில் ஒரே மேக்ரோ இருந்தால், உள் அடையாள எண் குறைவாக உள்ளதுதான் ஜெயிக்கும். ஸாபிக்ஸோடு கூடவே வந்த லினக்ஸ் டெம்ப்ளேட் பழையது, அதன் எண் சிறியது. சரியான வழி: புதிய டெம்ப்ளேட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் லினக்ஸ் டெம்ப்ளேட்டை இணைத்து, மேக்ரோவைப் புதியதில் எழுதி, புதியதை மட்டும் ஹோஸ்டில் இணைப்பது. ஹோஸ்டில் உள்ள மேக்ரோ முதலில், நேரடி டெம்ப்ளேட் அடுத்து, அதற்குள் இருக்கும் டெம்ப்ளேட் அதன் பிறகு, எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான குளோபல் மேக்ரோ கடைசி என்பதே வரிசை. ஏற்கெனவே லினக்ஸ் டெம்ப்ளேட் நேரடியாக இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். ‘அன்லிங்க் அண்ட் கிளியர்’ அழுத்தினால் ஐட்டங்களோடு பழைய டேட்டாவும் போய்விடும். வெறும் ‘அன்லிங்க்’ போதும்.

குரூப் பெயரில் சாய்கோடு போட்டால் அடுக்கு கிடைக்கும்: சென்னை/கிண்டி/ஸ்விட்ச் என்பது போல. வடிகட்டியிலும் பராமரிப்பு நேரத்திலும் ‘சென்னை’யைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்துவிடும். இது மிக வசதியான ஏற்பாடு. அனுமதியில் மட்டும் கவனம் வேண்டும். தாய்க் குரூப் இருக்கும்போது உட்குரூப் உருவாக்கினால் அனுமதி நகலாகிறது. உட்குரூப் முதலில் இருந்து தாயைப் பிறகு உருவாக்கினால் தாய்க்கு எந்த அனுமதியும் வராது. பிற்பாடு தாயில் செய்யும் மாற்றமும் தானாக இறங்காது. குரூப் பக்கத்தில் ‘எல்லா உட்குரூப்புகளுக்கும் அனுமதியைச் செலுத்து’ என்ற பொருளில் உள்ள டிக்கைப் போட வேண்டும்.

அனுமதி யூசர் குரூப்புக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. ஒருவர் இரண்டு யூசர் குரூப்பில் இருந்து, ஒன்றில் ரீட் (பார்க்க மட்டும்), மற்றொன்றில் டினை (மறுப்பு) இருந்தால் டினைதான் செல்லும். ஒரு ஹோஸ்டுக்குக் குறைந்தது ரீட் அனுமதி இல்லாதவருக்கு அதன் எச்சரிக்கைச் செய்தியும் போகாது. மெயில் சர்வரை மணிக்கணக்கில் ஆராய்வதற்கு முன் இதைப் பாருங்கள். சூப்பர் அட்மின் கணக்கில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஆகவே சாதாரணக் கணக்கில் சோதிக்க வேண்டும்.

6.0இலிருந்து நேராக 7.0க்கு வருபவர்களுக்கு இன்னொன்று. 6.2இல் டெம்ப்ளேட் குரூப் தனியாகப் பிரிந்துவிட்டது. ஏ.பி.ஐ. (மற்ற நிரல்கள் ஸாபிக்ஸோடு பேசும் இடைமுகம்) வழியாக டெம்ப்ளேட்டை ஹோஸ்ட் குரூப்பில் போடும் பழைய ஸ்கிரிப்டுகள் அதனால் உடையும். மேம்படுத்தும் நாளுக்கு முன்பே அவற்றைத் தேடித் திருத்தி வையுங்கள். டெம்ப்ளேட் எழுதுபவர்களுக்கு டெம்ப்ளேட் குரூப்பிலும் அனுமதி இருக்கிறதா என்று யூசர் குரூப்பின் தனித் தாவலில் சரிபாருங்கள்.