பழைய ஹொண்டா வைத்திருப்பவர்கள் கவனம்: நிரம்பிய பற்றறியைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்

6 வோல்ட் பற்றறியில் ஓடுகிற பழைய ஹொண்டா வைத்திருக்கிற வன்னி ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியை அண்டிய ஒரு கராஜில் என்னுடைய பென்லி சீடி 125ஐத் திருத்தக் கொடுத்தேன். காசும் போனது, மோட்டார் சைக்கிளில் இருந்த நல்ல சாமானும் போனது. கராஜின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த விதம் தெரிந்தால் போதும். அதே வேலையை வேறு இடத்திலும் செய்வார்கள்.

மோட்டார் சைக்கிள் அப்பாவுடையது. சண்டைக் காலத்தில் வவுனியாவில் பெரியப்பா வீட்டில் நின்றபடியால் தப்பியது. இல்லாவிட்டால் அதுவும் 2009இல் முல்லைத்தீவுப் பக்கம் எரிந்து கிடந்த இரும்புக் குவியலுக்குள் போயிருக்கும். பிளக்குக்கு நெருப்புப் போகிற நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடுகிற பிளாட்டினம் பொயின்ற், பற்றறி மின்சாரத்தை நெருப்பு வருகிற அளவுக்குக் கூட்டுகிற ஒரு கொயில், அதிலிருந்து இரண்டு பிளக், அவ்வளவுதான். கொம்பியூட்டரும் இல்லை, பொயின்ற்றுக்குப் பதிலாக வருகிற சீடிஐ என்ற மின்னணுப் பெட்டியும் இல்லை. அதைத் திருத்த ஒரு வோல்ட் மீற்றரும் கொஞ்சப் பொறுமையும் போதும்.

சேசிசுக்குப் புதுப் பெயின்ற் அடித்த பிறகுதான் கோளாறு தொடங்கியது. பகலில் நன்றாக ஓடும். இரவில் லைற் போட்டால் சுணங்கும். லைற்றும் எரிந்து பிறேக்கும் பிடித்தால் சந்தியில் நின்றுவிடும். கோண் தொண்டை கட்டினமாதிரிக் கத்தும். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் இருட்டில் மோட்டார் சைக்கிள் நின்றால் என்ன நிலைமை என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானைக்கு நாங்கள் லைற் இல்லாமல் நிற்பது தெரியாது.

கராஜ்காரர் வாகனத்தைச் சுற்றிப் பார்த்தார், கிக் அடித்தார், பிளக்கைக் கழற்றி என்ஜினில் வைத்து நெருப்பு வருகிறதா என்று பார்த்தார். "கொயில் போட்டுது அண்ணை. ஒறிஜினல் ஜப்பான் கொயில் ஒண்டு கிடக்கு, போடுவமோ?" என்றார். கொயில், கண்டென்சர், புதுப் பற்றறி எல்லாம் போட்டார். எடுக்கப் போன நேரம் முதல் கிக்கிலேயே பிடித்தது. லைற் வெள்ளையாக எரிந்தது. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் இரவு திரும்பவும் அதே கதை.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த இன ஹொண்டாவில் பிளக்குக்குப் போகிற நெருப்பு பற்றறியில் இருந்துதான் வருகிறது. பற்றறி, சாவி, கொயில், பொயின்ற் என்று அது ஒரு பாதை. என்ஜின் ஓடும்போது மக்னற்றில் உண்டாகிற மின்சாரம் ரெக்ரிபயருக்குள் போய், டிசியாக மாறி, பற்றறியை நிரப்புவது இன்னொரு பாதை. இந்த இரண்டாவது பாதை முழுதாக அறுந்து கிடந்தாலும், சார்ஜரில் போட்டு நிரப்பிய பற்றறி ஒன்று இருந்தால் வாகனம் பகலில் இரண்டொரு மணித்தியாலம் சோக்காக ஓடும். கராஜ்காரருக்கு அந்த இரண்டொரு மணித்தியாலம் போதும். காசு கை மாறிவிடும், நீங்களும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அவருடைய கராஜின் பின்பக்கம் பற்றறிச் சார்ஜர் ஒன்று எந்த நேரமும் உறுமிக்கொண்டிருந்ததன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

திரும்பக் கொண்டுபோனபோது, "மக்னற் வீக் அண்ணை, கொயில் கட்டவேணும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித்தான் கட்டிறது" என்று மக்னற் கொயில் பிளேற்றை, அதாவது மின்சாரம் உண்டாக்குகிற கொயில்கள் பூட்டியிருக்கிற தட்டை, கழற்றி வைத்துக்கொண்டார். அது வந்து சேர இழுபட்டது. வந்த பிறகு திரும்பவும் முதல் கிக், திரும்பவும் வெள்ளை லைற். இந்த முறை பரந்தன் தாண்ட முதலே லைற் மஞ்சளாகிவிட்டது. தொலைபேசியில் கேட்டால், "பழைய சாமான் அப்பிடித்தான் அண்ணை. முழுசா 12 வோல்ட்டுக்கு மாத்தி சீடிஐ போடுவம், பிறகு தலையிடி இல்லை" என்கிறார். அதற்கு அவர் சொன்ன விலைக்கு ஓடக்கூடிய பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கலாம். அதோடு அந்தக் கராஜை விட்டுவிட்டேன்.

முள்ளியவளைப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு ஐயா இருக்கிறார். வயது போனவர், இப்போது வெளியாட்களின் வேலை எடுப்பதில்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்ப்பார். 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றறி வன்னிக்குள் வராத காலத்தில், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்க வைத்த தலைமுறை அது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய நாட்களில், கொஞ்சம் பெற்றோலை விட்டுப் பிடிக்க வைத்து, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடித்தபடியே இருக்கும், துடைத்துத் துடைத்து ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் போய் "மக்னற் வீக்" என்று சொன்னால் சிரிப்பார். சிரித்தார்.

அவர் ஒரு சாமானும் மாற்றவில்லை. முதலில் மீற்றரைப் பற்றறியின் இரண்டு முனையிலும் வைத்தார். என்ஜின் நிற்கும்போது, நிரம்பிய 6 வோல்ட் பற்றறி 6.3 அளவில் காட்ட வேண்டும். 6க்குக் கீழே இறங்கினால் அது கிட்டத்தட்ட வெறும் பற்றறி. பிறகு ஸ்ராட் பண்ணி, கொஞ்சம் றேஸ் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சார்ஜ் ஏறினால் முள் 7ஐ ஒட்டிப் போக வேண்டும். என்னுடையதில் ஏறவே இல்லை, மெல்ல மெல்ல இறங்கியது. (7.5ஐத் தாண்டிப் போனால் அது வேறு கோளாறு. பற்றறித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்ப் அடிக்கடி எரியும்.)

அடுத்ததாக மீற்றரின் ஒரு வயரைப் பற்றறியின் நெகற்றிவ் முனையிலும், மற்றதை ரெக்ரிபயரின் உடம்பிலும் வைத்தார். எர்த், அதாவது மின்சாரம் சேசிஸ் வழியாகப் பற்றறிக்குத் திரும்பிப் போகிற தொடுப்பு, ஒழுங்காக இருந்தால் அங்கே பூச்சியத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "தம்பி, அந்த நட்டைக் கழற்றும் பாப்பம்" என்றார். ரெக்ரிபயர் பூட்டியிருக்கிற இடத்தில் புதுப் பெயின்ற் தடிப்பாக இருந்து மின்சாரத்தை மறித்தது. பச்சை வயரும் அதே நட்டுக்குள்தான் இருந்தது. பழைய ஹொண்டாக்களில் பச்சை எர்த், சிவப்பு பற்றறி, கறுப்பு சாவிக்குப் பிறகு வருகிற மின்சாரம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வயரிங் விளங்கிவிடும். பெயின்ற்றைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினார். கராஜ்காரர் அதே நட்டைக் குறைந்தது ஒரு தடவையாவது கையால் தொட்டிருப்பார். வயர் கட்டுக்குப் புது ரேப் சுற்றியிருந்தாரே.

எர்த் சரியானதும் மீற்றர் ஏறியது, ஆனால் 6.6க்கு மேல் போகவில்லை. லைற் போட்டாலும் வித்தியாசம் இல்லை. இந்த வாகனங்களில் லைற் சுவிச்சைப் போட்டவுடன் மக்னற்றின் மற்றக் கொயில்களும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். சுவிச்சுக்குள் ஊத்தை பிடித்தாலும் இரவில் சார்ஜ் ஏறாது, அதனால் சுவிச்சைப் பிரித்துத் துடைத்தும் பார்த்தார். பிறகு மக்னற் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது என்னுடைய பிளேற் இல்லை. வேறு எதிலோ இருந்து எடுத்தது. மெல்லிய கம்பியால் அலங்கோலமாகக் கட்டியிருந்தது, வார்னிஷ்கூடப் பூசவில்லை. எர்த்தில் மட்டும் கோளாறாக இருந்த வாகனத்தில் இருந்து நல்ல பிளேற்றைக் கழற்றி எடுத்துவிட்டு, குப்பையைப் பூட்டி, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

"ஒறிஜினல் ஜப்பான் கொயில்" என்றதையும் பார்த்தோம். சுற்றியிருந்த ரேப்பை உரித்தால் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 12 வோல்ட் கொயிலை 6 வோல்ட்டில் பூட்டினால் போக வேண்டிய அளவு மின்சாரம் அதற்குள் போகாது, நெருப்பு மெலிந்துவிடும். நிரம்பிய பற்றறியில் பிடிக்கும், கொஞ்சம் இறங்கினால் கிக் அடித்துக் காலே போய்விடும். பொயின்ற்றை முரட்டு அரத்தாளால் தேய்த்து, இடைவெளியையும் பார்க்காமல் விட்டிருந்தார்கள். அது 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வந்தது பியூஸைப் பார்த்துத்தான். பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பி. சீற்றுக்குக் கீழே பற்றறி, அதற்கு முன்னால் பெற்றோல் தாங்கி. எங்கேயாவது வயர் உரசி ஷோட் ஆனால் உருகி அறுவதற்கு ஒன்றும் இல்லை. காசு ஏமாற்றுவதை ஒரு பக்கம் விடுங்கள், இது ஆளைக் கொல்கிற வேலை.

ஏன் ஒரு பழைய கொயில் பிளேற்றைக் களவெடுக்கிறார்கள் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் எல்லாம் பொன் விலைக்குப் போனது. கழித்து ஒதுக்கியவற்றைத் தேடி எடுத்துப் புதுசாக்கி விற்கிற ஆட்கள் கூடினார்கள். அவர்களுக்கு ஜப்பானில் செய்த சாமான் வேண்டும். அது கடையில் இல்லை, உங்களுடைய வாகனத்தில் இருக்கிறது.

நேரில் போய்க் கேட்டேன். "பழசையோ? அது எறிஞ்சாச்சு அண்ணை" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவர் தந்த துண்டில் "வயரிங் வேலை" என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன சாமான் போட்டது என்று ஒரு வரியும் இல்லை. பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம், ஒவ்வொரு சாமானும் விலையோடு இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நான் முறையிட்டிருக்கிறேன், பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தக் கராஜில் விட்டாலும், விட முதல் மக்னற் மூடியைத் திறக்கச் சொல்லி பிளேற்றையும் கொயிலையும் போனில் படம் எடுங்கள். மறைவான இடத்தில் அடையாளம் ஒன்றும் போடுங்கள். மாற்றிய பழைய சாமானை, கறல் பிடித்ததென்றாலும், கையில் வாங்குங்கள். காசு கொடுக்க முதல் உங்களுடைய கண் முன்னால், என்ஜின் ஓட ஓட, லைற்றும் போட்டு, மீற்றரைப் பற்றறியில் வைக்கச் சொல்லுங்கள். முதல் கிக்கில் பிடித்ததைக் காட்டினால் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். மீற்றர் இல்லை என்று சொல்கிற கராஜ் வயரிங் வேலைக்கு உதவாது. "பற்றறியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கோ" என்று யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள், பல்ப் எல்லாம் ஒரேயடியாகப் போகும்.

வவுனியாவில் கழித்த வாகனம் ஒன்றில் இருந்து 6 வோல்ட் பிளேற் ஒன்றும் கொயிலும் தேடி வாங்கிப் பூட்டியிருக்கிறோம். லைற்றோடு 7 காட்டுகிறது. என்னுடைய பிளேற்றின் பின்பக்கம், வயர் வெளியே வருகிற துவாரத்துக்குக் கிட்ட, அப்பா ஊசி உளியால் குத்திய மூன்று புள்ளி முக்கோணமாக இருக்கும். சீடி 125 பிளேற் என்று யாராவது உங்களுக்கு விற்க வந்தால் திருப்பிப் பாருங்கள். புள்ளி இருந்தால் படம் எடுத்து இதற்குக் கீழே போடுங்கள், யாரிடம் வாங்கியது என்றும் எழுதி வாங்கி வையுங்கள்.