ஐந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே ராக் கேட்பது

ராக் ஆல்பங்களை 5.1 சரவுண்டில், அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், அடித்தள ஒலிக்கு ஒரு சப்வூஃபர் என்ற அமைப்பில் கேட்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார்கள் என்று காட்ட, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்துத்தான் முதலில் இந்த டிஸ்க்குகளை வாங்கினேன். திரும்பத் திரும்பக் கேட்க வைப்பதோ பழைய பதிவை ரீமிக்ஸ் செய்தவரின், அதாவது மறுபடி கலந்தவரின் கைவண்ணம்.

எண்களில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரண டிவிடியின் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் ஒலியைச் சுருக்கும்போது கொஞ்சம் கழித்துவிடும். டிவிடி ஆடியோ, சூப்பர் ஆடியோ சிடி, புளூரே ஆகியவற்றில் அந்த இழப்பில்லாமல் கேட்க முடியும். ஒரே டிஸ்க்கில் இரண்டும் இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன்; சிம்பலின் ஓசை தேய்ந்து அடங்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரே ஸ்டீரியோ மாஸ்டரை (இறுதி மூலப்பதிவை) சிடி தரத்திலும் 24/96இலும் மறைத்து வைத்துப் போட்டால் எது எதுவென்று என் காதுக்குப் பிடிபடவில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஒரு நல்ல சரவுண்ட் மிக்ஸுக்குப் போனால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்ஸனின் 'லிஸார்ட்' ஆல்பம் இதற்குச் சரியான உதாரணம். 1970இல் வந்தது. ராக் குழுவோடு பியானோ, ஓபோ, கார்னெட், ட்ராம்போன் எல்லாம் சேர்ந்து வாசிக்கும். பழைய ஸ்டீரியோவில் பல இடங்கள் சந்தைக்கடை போல இரைச்சலாகவே கேட்கும். ஸ்டீவன் வில்சன் செய்த 5.1 மிக்ஸ் 2009இல் வெளிவந்தது. அதில் அதே வாத்தியங்கள் சுற்றிலும் பிரிந்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் என்ன வாசிக்கிறது என்று தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. ஒரே திசையிலிருந்து வரும் இரண்டு ஒலிகளில் பலமானது மற்றதை மூடிவிடும். திசை மாறினால் காது தானாகவே பிரித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். அதனால்தான் அடர்த்தியான புரோக்ரெஸிவ் ராக் சரவுண்டில் இவ்வளவு மலர்கிறது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டும் உள்ள நேரடியான ராக்குக்கு இதில் கிடைக்கும் லாபம் குறைவு என்பது என் எண்ணம்.

இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் 1969இல் 8 டிராக் நாடாவில், அதாவது எட்டுத் தனித்தனி ஒலித்தடங்கள் கொண்ட நாடாவில் பதிவானது. டிராக் போதாதபோது பல வாத்தியங்களைக் கலந்து ஒரே டிராக்கில் இறக்கிவிடுவார்கள்; பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது. கலப்பதற்கு முந்தைய நாடாக்களைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்திய பிறகுதான் சரவுண்ட் மிக்ஸே சாத்தியமாகும்.

புது டிஸ்க் வாங்கினால் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. முன் ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டை மட்டும் கேட்பேன். நல்ல மிக்ஸ் என்றால் அங்கே ஒரு அகௌஸ்டிக் கிட்டாரோ, பின்னணிக் குரலோ, மெல்லோட்ரானோ (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) முழுசாக வாசித்துக்கொண்டிருக்கும்; விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும். வெறும் எதிரொலி மட்டும் வந்தால் அது பெயரளவுக்குச் செய்த சரவுண்ட்.

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை இரண்டு விதமாகக் கேட்கலாம்: ஆலன் பார்சன்ஸ் செய்த பழைய நாலு சேனல் மிக்ஸ், ஜேம்ஸ் கத்ரி செய்து 2003இல் வந்த 5.1. இரண்டுமே 2011இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் இருக்கின்றன. கத்ரியுடையது வழவழப்பாக இருக்கும். எனக்குப் பிடித்தது பார்சன்ஸ்தான். பின் ஸ்பீக்கர்களைத் தயங்காமல் பயன்படுத்தியிருக்கிறார்.

அப்புறம் ஸ்பீக்கர் விஷயம். சினிமாவுக்காகப் பின்னால் குட்டி ஸ்பீக்கர்களை உயரத்தில் மாட்டியிருப்பார்கள். இசைக்கு அது போதாது, ஏனென்றால் முழு கிட்டாரும் அங்கிருந்து வரலாம். முன்னால் இருப்பதே பின்னாலும் இருக்கும்படி மாற்றியதுதான் நான் செய்ததில் பெரிய முன்னேற்றம். உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, முன் இரண்டும் நேர் எதிரிலிருந்து இருபுறமும் 30 பாகை, பின் இரண்டும் 110 பாகை அளவில், காது மட்டத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் மைக் வைத்துத் தானாகச் செய்யும் அளவீட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். என்னுடையது சப்வூஃபரின் ஒலியளவை ஒவ்வொரு முறையும் தூக்கியே வைக்கிறது, கையால் இறக்க வேண்டியிருக்கிறது. சென்டர் ஸ்பீக்கரிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சில மிக்ஸ்களில் பாடகரின் குரல் முழுக்க அங்கேதான் இருக்கும்.

இப்போது ஸ்ட்ரீமிங்கிலும் நிறைய ராக் ஆல்பங்கள் அட்மாஸில் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பியின் சரவுண்ட் முறை) கிடைக்கின்றன. ஆனால் அங்கே வருவது சுருக்கிய வடிவம். புளூரேயில் ட்ரூஹெச்டி என்ற டால்பி வடிவத்தில் இழப்பில்லாமல் வரும். அதனால் ஸ்ட்ரீமிங்கில் மிக்ஸ் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன், பிடித்திருந்தால் டிஸ்க்கை உடனே வாங்கிவிடுவேன். குறைந்த பிரதிகளே அச்சிடுவதால், தீர்ந்துபோன பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.