செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? ஸ்கேனரைக் காட்டி 23,500 ரூபாய் கறந்துவிட்டார்கள், உஷார்!

23,500 ரூபாய். போன இடத்தில் வண்டியும் சரியாகவில்லை, பணமும் திரும்பவில்லை. நாகர்கோவிலில் இருந்து தக்கலை போகிற ரோட்டில் உள்ள ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். பெயரைப் போட்டால் அதற்கொரு பிரச்சினை வரும், அதனால் போடவில்லை. கண்ணாடி ரூம், ஏசி, வருகிறவர்களுக்கு காபி மெஷின் என்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

வண்டி நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஐப்பசி மழை பிடித்ததில் இருந்தே மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. வடசேரி சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும், ஏசி போட்டால் இன்னும் மோசம். பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போது பிக்கப்பே இல்லை, ஜெர்க் அடித்தது, மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. விளக்கு சும்மா எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது, இன்னும் ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடும் என்று அர்த்தம். அதனால்தான் கைக்கு எட்டிய ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கே விட்டேன்.

டேப்லெட் மாதிரி ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் மாட்டினார்கள். திரையில் சிவப்பில் இரண்டு கோட், அதாவது கோளாறு நம்பர். P0303, P0171. சூப்பர்வைசர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்தியளா அண்ணே, நாங்க சொல்லல்ல, வண்டியே சொல்லுது" என்றார். எவ்வளவு அழகான பேச்சு! புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிஜன் சென்சார் போச்சாம். அதோடு மூணாவது சிலிண்டருக்கு கரண்ட் கொடுக்கிற பகுதி ஈசிஎம்முக்குள்ளேயே (என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) கருகிப்போச்சாம். ஈசிஎம்மைக் கழற்றி கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சரி செய்ய வேண்டுமாம். "புதுசு போட்டா அம்பதாயிரம் ஆவும். நம்ம ஆளு பதினாலுக்கு முடிச்சுத் தருவான். நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம், உங்க வண்டி நம்ம வண்டி மாதிரி." பின்சீட்டில் இருந்த அம்மாவை அவரே கைபிடித்து இறக்கி, ஏசி ரூமில் உட்காரவைத்து காபியும் கொடுத்தார். முழுப்பணத்தையும் முன்னாடியே கேட்டபோது ஜிபே பண்ணினேன்.

சென்சார் 6,800. ஈசிஎம் வேலை 14,000. ஸ்கேனிங், லேபர் 2,700. மொத்தம் 23,500. பில் என்று தந்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த வெள்ளைத்தாள். ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, சீலும் இல்லை.

வண்டியைத் தந்தபோது விளக்கு அணைந்திருந்தது. ஸ்கேனரில் கோட் நம்பரை அழித்தால் எந்த விளக்கும் அணையத்தானே செய்யும்! ஆரல்வாய்மொழி தாண்டவில்லை, திரும்ப மின்னியது. அதே நடுக்கம்.

அப்புறம் ஆரம்பித்தது ஃபோன் படலம். முதலில், எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் பழி: "இ20 பெட்ரோல் அண்ணே, இப்ப எல்லா வண்டியும் இப்பிடித்தான்." எல்லா வண்டிக்கும் மூணாவது சிலிண்டர் மட்டுமா மிஸ் ஆகிறது? அடுத்து, கோட்டாறு சவேரியார் திருவிழா, பையன்கள் லீவு. அதற்கடுத்து, ஓனர் ஊரில் இல்லை. வாரண்டி பற்றிக் கேட்டால், "எலக்ட்ரிக் ஐட்டத்துக்கு யாரு வாரண்டி தருவா? கோயம்புத்தூர் பார்ட்டிகிட்ட கேட்டுச் சொல்லுகேன்." அந்தப் பார்ட்டியின் நம்பரைக் கேட்டதும் லைன் கட்.

கடைசியில் வண்டியைப் பார்த்தது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிற என் அக்கா மகன். அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அவங்க காயிலை மாத்திப் போட்டுப் பாத்தாங்களா?" பிளக்கில் தீப்பொறி வர கரண்ட் கொடுக்கிற பாகம்தான் காயில். P0303 என்றால் மூணாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று மட்டும்தான் அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று கோட் சொல்லாது. இந்த வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக்காயில். மூணாவதையும் ஒண்ணாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோட் நம்பரை அழித்து, கொஞ்ச தூரம் ஓட்டினோம். தன்னுடைய ப்ளூடூத் அடாப்டரை மாட்டி செல்ஃபோனிலேயே பார்த்தான். P0301! காயில் போன ஒண்ணாவது சிலிண்டருக்குக் கோட் நம்பரும் கூடவே போயிருக்கிறது. ஈசிஎம்மில் கோளாறு என்றால் கோட் மூணிலேயே அல்லவா நின்றிருக்கும்?

கழற்றிய காயிலைக் காட்டினான். அடியில் உள்ள ரப்பரில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், மேலிருந்து கீழ்வரை, கரி படிந்து. பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கிய துருக்கறை. அவ்வளவுதான் நோய். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று சொல்கிற P0171க்கும் அதே காரணம்தான். எரியாத சிலிண்டரில் மிஞ்சும் ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகிறது. அதைப் பார்த்து சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. சென்சார் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. புதுக்காயிலும் பிளக்கும் மாற்றியதும் வண்டி பழையபடி ஓடுகிறது. இரண்டு கோட் நம்பரும் திரும்ப வரவில்லை. செலவு 23,500ல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வயிறு எரிந்தது இதற்கப்புறம்தான். டார்ச் அடித்து அந்தப் "புது" சென்சாரைப் பார்த்தோம். நட்டைச் சுற்றித் துரு அப்பியிருக்கிறது, ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. அதைத் தொடவே இல்லை! ஈசிஎம் கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்ன நாளில் என் வண்டி செட்டிகுளம் ஜங்ஷனில் ஓடியதை மச்சான் பார்த்திருக்கிறார். ஈசிஎம் இல்லாமல் பெட்ரோல் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்? கேட்டதற்கு, "டெஸ்டுக்கு வேற வண்டி ஈசிஎம்மைப் போட்டோம்" என்றார்கள். இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியில் சாவியோடு ப்ரோகிராம் பண்ணாமல் வேறு ஈசிஎம் வேலை செய்யாது. அதைச் சொன்னேன். "நீங்க மெக்கானிக்கா சார்?" அதுவரை அண்ணே, அன்றிலிருந்து சார். இப்போது வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்தான் வருகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்கு மின்னினால் ஓட்டாதீர்கள். கோட் நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ஈசிஎம் என்று சொன்னால், காயிலை இடம் மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணிப் புகார் கொடுத்தாச்சு. அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ஜிபே ரசீதும் அந்த வெள்ளைத்தாளும் கையில் இருக்கிறது. அந்த ஒர்க்‌ஷாப்புக்காக என்னிடம் சமாதானம் பேச வருகிறவர்கள் 23,500 ரூபாயோடு வரவும்.