ஒரு சாவிக்காக போன 6 நாள் - காரைக்குடி பக்கம் பழைய வீடு பாத்த அனுபவம்

லீவு மொத்தமே 19 நாள், அதுல 6 நாள் ஒரு சாவிக்குப் பின்னாடி அலைஞ்சே போச்சு. மெல்போர்ன் திரும்பி ரெண்டு வாரம் ஆகியும் மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

காரைக்குடி பக்கம் சின்ன ஊர்ல ஒரு பழைய வீடு 35 லட்சத்துக்கு வருதுன்னு புரோக்கர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தார். முகப்பு, பட்டாலை, நடு முற்றம்னு சொல்ற வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் அப்படியே இருக்கு, ஓடு மட்டும் சரிஞ்சிருக்கு, மராமத்து பாத்துக்கலாம்னார். இங்க அந்தப் பணம் ஒரு சாதாரண வீட்டுக்கு டெபாசிட்டுக்கே பத்தாது. சின்ன வயசுல அப்பத்தா கையப் பிடிச்சுக்கிட்டு அந்த மாதிரி வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கேன், அந்த ஆத்தங்குடிக் கல்லு தரைல வெயில் நேரத்துல வெறுங்காலோட நடந்தா வர்ற குளுமை இன்னும் உள்ளங்கால்ல இருக்கு. அதனால டிக்கெட் போட்டாச்சு.

முத நாள் போனப்பவே வளவுல ஒரு அறை மட்டும் பூட்டியிருந்துச்சு. கை அகலத்துக்கு திண்டுக்கல் பூட்டு. கேட்டா, உள்ள பழைய சாமான்தான் சார் கிடக்கு, சாவி தேவகோட்டைல ஒரு சித்தப்பாகிட்ட இருக்கு, நாளைக்கு வாங்கிடலாம்னார். நாளைக்கு போனா சித்தப்பா மதுரைக்கு போயிட்டாராம். அதுக்கு அடுத்த நாள் ஒரு கொத்து சாவி வந்துச்சு, எண்ணிப் பாத்தேன், 14 சாவி, ஒண்ணு கூட சேரல. நாலாவது நாள் ஆளே வரல, போன் எடுக்கல. அஞ்சாவது நாள் வந்து, ஒரு அறைக்காக ஏன் சார் யோசிக்கிறீங்க, அட்வான்ஸ் போடுங்க, வேற பார்ட்டி ரெடியா இருக்குங்கிறார். பக்கத்துல அரை ஏக்கர் வயலும் சேத்து முடிச்சுத் தர்றேன்னு வேற சொன்னார், நம்மள மாதிரி வெளிநாட்டுல இருக்கிறவங்க வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாதுங்கிறது கூட தெரியாம ஒருத்தர் எப்படி இந்தத் தொழில் பண்றார்னு எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

இங்க மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்துல வீடு விக்கிறவங்க கையெழுத்துக்கு முன்னாடியே செக்ஷன் 32னு ஒரு பேப்பர் குடுத்தாகணும், யார் பேர்ல இருக்கு, என்ன கடன் இருக்குன்னு அதுல வந்துடும். இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவர் எந்த இடத்தையாவது பாக்க முடியலன்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதிக் குடுப்பார். எழுதிக் குடுத்தா நம்ம யோசிக்கலாம். நம்ம ஊர்ல மூடியிருக்கிறத ஏன் மூடியிருக்குன்னு சொல்ல ஒருத்தர் இல்லையேன்னு ரொம்ப கோவம் வந்துச்சு.

ஆனா ஒருத்தர் இருந்தார். ஆறாவது நாள் உத்திரம் எல்லாம் பாக்கறதுக்காக ஒரு வயசான ஆசாரிய கூட்டிட்டு போனேன். கைல ஒரு உளி, ஒரு சின்ன சுத்தியல், அவ்வளவுதான். ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு மரமா தட்டித் தட்டி காது வச்சு கேட்டார். நடுவுல எல்லாம் கணீர்னு இருக்கு, சுவத்துக்குள்ள போற முனைல தட்டினா சத்தம் செத்துப் போகுது. "பர்மா தேக்க கரையான் லேசுல தொடாது தம்பி, தண்ணிதான் தொடும், கூடுவாய்ல ஒழுகுன தண்ணி சுவர் வழியா எறங்கி முனை உளுத்துருக்கு"ன்னார். கூடுவாய்னா ரெண்டு கூரைச் சரிவு சேர்ற பள்ளம். அடிச் சுவத்துல யாரோ சிமெண்ட் பூசி வச்சிருந்தாங்க, அதையும் உளியால கொஞ்சம் பேத்துக் காட்டினார், சுண்ணாம்புச் சுவர் ஈரத்த வெளிய விடும், மேல சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே நின்னு கல்லையே தின்னுடுமாம். மெல்போர்ன்ல பல நூறு டாலர் குடுத்து வாங்குற ரிப்போர்ட்ல இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்ல.

அப்புறம் அந்தப் பூட்டுன அறைகிட்ட வந்தோம். புரோக்கர் பொறுமை இல்லாம, உடைச்சுடுங்க ஆசாரி, புதுப் பூட்டு நான் வாங்கித் தர்றேன்னார். அவர் உளிய பைக்குள்ள வச்சுட்டார். நிலைப்படிய குனிஞ்சு பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கேயும் அரை இஞ்சு தூசி, அங்க மட்டும் மஞ்சளும் குங்குமமும் இருக்கு, காஞ்சிருக்கு, ஆனா பழசு இல்ல. "பூட்டு தொங்குனா ஆள் இருக்குன்னு அர்த்தம் தம்பி. வருஷா வருஷம் யாரோ வந்து கும்பிட்டுட்டு போறாங்க. அவங்கள கேக்காம நான் கை வைக்க மாட்டேன்."

அந்த வீடுகள்ல வளவச் சுத்தி இருக்கிற அறை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்குன்னு ஒதுக்குனது. எனக்கும் தெரியும், ஆனா அந்தப் பூட்டோட சேத்து யோசிக்கத் தோணல. நான் வில்லங்கத்த, அதாவது அந்தச் சொத்துல என்னென்ன பத்திரம் பதிஞ்சிருக்குன்னு காட்டுற சான்ற, ஆன்லைன்ல 30 வருஷத்துக்கு போட்டுப் பாத்து ஒரு பதிவும் இல்லன்னதும் சந்தோஷப்பட்டுட்டேன். ஆனா அந்த வீட்ட யாரும் வித்ததே இல்ல, அப்பா போனா புள்ளைங்கன்னு வந்துக்கிட்டே இருந்திருக்கு, பத்திரமே பதியலன்னா வில்லங்கத்துல எதுவும் ஏறாது. பட்டா இன்னும் அவங்க தாத்தா பேர்லயே நிக்குது. பாகப் பிரிவினை பத்திரமும் கிடையாது. 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்கு, அதுக்கு அப்பா 2005ல உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இத்தனை வாரிசும் கையெழுத்துப் போடாம அந்த வீட்ட வாங்குனா, 7 சதவீதம் முத்திரைத் தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்டி நான் ஒரு கோர்ட் கேஸதான் வாங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட ஆசாரியே போய் விசாரிச்சார். அஞ்சு நிமிஷம். அது அந்தக் குடும்பத்துக் கடைசி தம்பியோட அறை, அவர் இப்ப உயிரோட இல்ல, ஒரே மக மலேசியால இருக்காங்க, ஒவ்வொரு தைக்கும் வந்து விளக்கேத்திட்டு போவாங்கன்னு சொல்லி நம்பரும் குடுத்தாங்க. 6 நாள் என்ன அலைய விட்ட விஷயம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு.

போன் பண்ணேன். வீடு விக்கப் போறாங்கன்னே அந்த அம்மாவுக்கு தெரியல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "யாரு உங்ககிட்ட விலை சொன்னா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், முனை உளுத்ததையும் கூடுவாய் ஒழுகுறதையும் சேத்து. அவங்க அழுதுட்டாங்க, எனக்கும் பேச வரல, வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு ஊர்ல ஒரு அறைய பூட்டி வச்சிருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

ஆசாரி கூலி 800 கேட்டார், 2000 நீட்டினேன், 800 எடுத்துக்கிட்டு மீதிய திருப்பிக் குடுத்துட்டார். கூடுவாய்ல மட்டும் மழைக்கு முன்னாடி ஓடு மாத்திடணும், இல்லன்னா அந்த அம்மா அறைப் பக்கமும் தண்ணி போயிடும்னார். அதுக்கான பணத்த அந்த அம்மா மறுநாளே அவருக்கு அனுப்பிட்டாங்க.

விக்கிறதா இல்லையான்னு பங்காளிகளோட பேசிட்டு சொல்றேன்னாங்க. "ஆனா தைக்கு ஊர்ல இருப்பேன், வாங்க, திறந்து காட்டுறேன்"ன்னாங்க. ஜனவரிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன்.